கோடை விடுமுறைக்கு இரண்டு புத்தகம் கொடுத்தனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வேதாரண்யம் வட்டத்தில் ஒரு கிராமத்தில் வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டுத் தைக்கிறவள். பிளஸ் டூ வரை படித்திருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்து, எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு மணி வரை சொல்லிக் கொடுத்தேன். வகுப்பு நின்றுபோன பிறகும் தெருவில் என்னை ‘டீச்சரக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகளும் பாயைத் தூக்கிக்கொண்டு வருவதை நிறுத்தவில்லை. முழுப்பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடப் போகிறது. மூடுவதற்குள் இது நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. அதற்குள்ளே பிள்ளைகள் படிக்கிற புத்தகங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த மெல்லிசான புத்தகங்கள், ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று படி பிரித்தவை. அப்புறம் ‘ஊஞ்சல்’ என்கிற சிறுவர் இதழ்கள், ஊர்க்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்த படக்கதைகள். எல்லாம் நல்ல புத்தகங்கள், எழுத்துப் பெரிது, படம் அழகு. கடைசி வேலை நாளன்று அந்த பீரோவைப் பூட்டினால் ஜூன் மாதம்தான் திறக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பொழுதே போகாமல் கிடக்கிற அத்தனை நாளும் புத்தகம் பூட்டுக்குள் இருக்கிறது. கடைசி நாளன்று ஒவ்வொரு பிள்ளை கையிலும் இரண்டு புத்தகம் கொடுத்தனுப்புங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இதில் என்ன அவ்வளவு அவசரம் என்று சிலர் நினைக்கலாம். விடுமுறை என்றால் விளையாடத்தானே என்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன், பிள்ளைகள் விளையாடட்டும். ஆனால் ஜூன் முதல் வாரத்தில் அவர்களை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னவர்களுக்குத் தெரியும். ஏப்ரலில் தடதடவென்று வாசித்த பிள்ளை ‘கோடி’ என்பதைக் ‘கொடி’ என்று படிக்கும். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று கண் தேடும். கழித்தலில் பக்கத்து வீட்டில் கடன் வாங்கியதை மறந்து, மேலே சின்ன எண் இருந்தால் கீழே இருந்து மேலே கழித்துவிடும். வாய்ப்பாட்டில் இரண்டு, ஐந்து, பத்து நிற்கும். ஏழும் எட்டும் போய்விடும். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். எழுத்துக்கூட்டுவது கைவந்துகொண்டிருக்கிற நேரத்தில் விட்டுவிட்டால், சைக்கிள் பழகுகிறவனைப் பாதியில் இறக்கிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. முழுசாகப் பழகினவனுக்கு ஒரு வருஷம் விட்டாலும் மறக்காது. பாதியில் நின்றவன் மறுபடி விழுந்துதான் எழ வேண்டும்.

நீண்ட இடைவெளி என்ன செய்யும் என்பதைக் கொரோனா காலத்தில் கண்ணால் பார்த்தேன். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. இரண்டாம் வகுப்பு என்று பெயர் இருக்கும், ஆனால் ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராத பிள்ளையாக இருக்கும். அந்தப் பிள்ளைகளைத்தான் என்னிடம் கொடுத்தார்கள். கோடை விடுமுறை அவ்வளவு பெரியதல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சில வருஷம் வெயிலுக்காகத் திறப்பதும் தள்ளிப் போகிறது. 2023-ல் ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14-ல்தான் திறந்தார்கள். 2024-ல் ஜூன் 10. அந்த வெயிலில் தள்ளி வைத்தது சரிதான், குறை சொல்லவில்லை. அப்படி நாள் நீள்வதும் உண்டு என்பதை மட்டும் கணக்கில் வைக்கச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பிள்ளைகளுக்கு விடுமுறை வருகிற சமயம்தான் உப்பளத்தில் வேலை மும்முரமாக இருக்கிற சமயம். வெயிலுக்குப் பயந்து நள்ளிரவு தாண்டியதும் கிளம்பிப் போகிறார்கள். காலையில் வெயில் ஏறித் திரும்பி வரும்போது கண் எரிச்சலும் கால் எரிச்சலுமாக அம்மாக்கள் வந்து படுத்துவிடுவார்கள். ‘பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு படிக்க வையுங்கள்’ என்று அவர்களிடம் யார் சொல்வது? எனக்கு மனசு வராது. பூந்தோட்டத்தில் முல்லை பறிக்கப் போகிற வீட்டிலும் அதே கதைதான். ஆகவே அம்மாவை எதிர்பார்க்காமல் பிள்ளை தானாகச் செய்கிற மாதிரி ஒன்று வேண்டும். கையில் புத்தகம் இருந்தால் அது நடக்கிறது.

2024 கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போதிருந்த தலைமை ஆசிரியை என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முப்பது புத்தகம் கொடுத்தார். அவற்றைத் துணிப் பையில் போட்டுத் திண்ணை ஆணியில் மாட்டி வைத்தேன். தெருவில் பதினொரு பிள்ளைகள். எடுத்துக்கொண்டு போகலாம், படித்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தேன்: வீட்டில் யாராவது ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு நேரம் இல்லை. அதனால் பெரும்பாலும் அப்பாயிகள்தான் அகப்பட்டார்கள். எதிர் வீட்டு அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. பூக்கட்டிக்கொண்டே கேட்பார்கள். பேரன் ஒரு பக்கத்தை விட்டுத் தாண்டினால் கண்டுபிடித்துவிடுவார்கள், ‘ஏண்டா, இப்பத்தான் குளத்துக்குள்ள இருந்துச்சு, அதுக்குள்ள எப்படி மரத்துமேல வந்துச்சு?’ என்று. அவன் திரும்பிப் போய் விட்ட பக்கத்தைப் படிப்பான். அவனுக்கு அந்தக் கோடையில் அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. மே கடைசியில் அவன் ‘ஓடு’ முடித்து ‘பற’ புத்தகத்துக்குப் போய்விட்டான்.

முப்பதில் இருபத்தெட்டு திரும்பி வந்தன. ஒன்றை ஒரு பிள்ளையின் தம்பி கிழித்துவிட்டான். ஒன்று கோடை மழையில் கொல்லையில் கிடந்து நனைந்து ஊறிவிட்டது. அந்த இரண்டுக்கும் பதிலாக நான் வேறு இரண்டு வாங்கிக் கொடுத்தேன். பெரிய காசு இல்லை. ஆனால் சென்ற ஆண்டு கோடையில் புத்தகம் கிடைக்கவில்லை. தலைமை ஆசிரியை மாறுதலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், ‘ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கிறதும்மா, ஒன்று குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்’ என்று சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தணிக்கைக்கு வருகிறவர்கள் எந்தப் புத்தகம் எத்தனை பிள்ளை கையில் போய் வந்தது என்று கேட்பதில்லை. எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் பூட்டித்தான் வைப்பார்கள். புத்தகம் இல்லாத அந்தக் கோடையில் பிள்ளைகள் என் திண்ணைக்கு வரத்தான் வந்தார்கள், பாடப் புத்தகத்தையே புரட்டினார்கள், நாலே நாளில் சலித்துப் போய்விட்டது.

நூலகராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்க மனைவியோடு வந்தபோது இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். மத்திய அரசின் பொது நிதி விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது என்றார். நூலகத்தில் ஒரு வருஷத்தில் ஆயிரம் புத்தகம் வாசகர் கைக்குப் போனால் அதில் ஐந்து தொலைவது இயல்பு, நாணயக்கேடோ அலட்சியமோ இல்லாதவரை அதை ஏற்றுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறதாம். அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி, நம் ஊர்ப் பள்ளிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் புத்தகம் என்றால் கொஞ்சம் தொலையும், கொஞ்சம் கிழியும் என்று ஓர் அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது பாருங்கள். அதேபோல் ஒரு வரி நம் பள்ளிக் கல்வித் துறையும் எழுதிக் கொடுக்கலாமே. சின்னப் பிள்ளைகள் எடுத்துப் போகிற புத்தகத்தில் நூலகத்தைவிடக் கூடுதலாகவே சேதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளட்டும். தொலைந்ததற்குத் தலைமை ஆசிரியர் கையிலிருந்து கட்ட வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை ஏப்ரலில் வந்தால் போதும், பீரோ தானாகத் திறக்கும்.

அந்த அண்ணன் இன்னொன்றும் சொன்னார். 1931-லேயே மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். மன்னார்குடி எங்களுக்கு எவ்வளவு தூரம்? எங்கள் தாத்தா காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் புத்தகம் வந்திருக்கிறது. இன்றைக்கு எங்களுக்குக் கிட்ட இருக்கிற நூலகம் மூன்று கிலோமீட்டர். கத்திரி வெயிலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையை அவ்வளவு தூரம் நடக்க விட முடியாது. பள்ளிக்கூட பீரோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

இது இல்லாமல் வேறு வழிகளைப் பிள்ளைகளுக்குச் செய்து பார்க்கவில்லையா என்றால், பார்க்கிறார்கள். என் தங்கை மகன் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறான். விடுமுறைக்கு வீட்டுப்பாடம் என்று நாளுக்கு ஒரு பக்கம் கையெழுத்துப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவன் அதைத் தொடவே இல்லை. திறப்பதற்கு மூன்று நாள் முன்னால் அழுதுகொண்டே எழுதினான், பாதியை என் தங்கை எழுதினாள். அந்த நோட்டை ஆசிரியை புரட்டிப் பார்த்தாரா என்பதுகூடத் தெரியவில்லை. பிள்ளைக்கு அதனால் ஒரு எழுத்தும் கூடவில்லை. பணம் கட்டிக் கோடை வகுப்புக்கு அனுப்புகிறவர்கள் அனுப்பட்டும். எங்கள் தெருவில் அந்த வசதி யாருக்கும் இல்லை.

கணக்குக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். எனக்குக் கை கொடுத்தது என் இன்ச் டேப்தான். ஐந்தாம் வகுப்புக்குப் போகிற ஒரு பிள்ளை, காலைவிட எட்டில் ஒன்று பெரியது என்று அடித்துச் சொன்னாள். எட்டு நாலைவிடப் பெரியதுதானே என்பது அவள் நியாயம். டேப்பை விரித்துக் காட்டினேன். ஒரு இன்ச் எட்டுப் பங்காகக் கோடு போட்டிருக்கும். நாலாவது கோடு அரை, இரண்டாவது கால், ஆறாவது முக்கால், முதல் கோடு அரைக்கால். ‘அரைக்கால்’ என்கிற வார்த்தையே அவளுக்குச் சொல்லிவிட்டது, காலில் பாதி என்று. எட்டுப் பங்கு போட்டால் பங்கு சின்னதாகும் என்பதை அவளே விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அதற்கப்புறம் அந்த டேப் என் கையில் நிற்கவில்லை. ஜன்னல், பெஞ்சு, அம்மியின் நீளம், அப்பாயியின் கொண்டைச் சுற்றளவு என்று எல்லாவற்றையும் அளந்தார்கள். டேப்பின் ஒரு பக்கம் அறுபது இன்ச், மறுபக்கம் நூற்றைம்பது சென்டிமீட்டர். ஒரு இன்ச்சுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டுவிட்டு நான் காஜா எடுக்கப் போய்விட்டேன். இரண்டு பேர் தரையில் சாக்பீஸால் போட்டுப் போட்டு இரண்டரைக்கு வந்துவிட்டார்கள். ஒரு பையன் அவன் வீட்டில் புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டியை ஞாயிற்றுக்கிழமைதோறும் அளந்து தேதி போட்டு எழுதினான். குட்டி நிற்காமல் துள்ளும், இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். போன வாரத்தைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று கழித்துப் பார்க்க வேண்டும் அல்லவா, அவனுக்குக் கடன் வாங்கிக் கழிப்பது அதிலேயே வந்துவிட்டது. தையல்காரர் இல்லாத தெரு ஏது? பழைய டேப் ஒன்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

ஏப்ரல் 30 அன்று ஏழு பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றி அகஸ்தியம்பள்ளிக்குக் கூட்டிப் போனேன். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்து அந்தத் தேதியில்தான் அங்கே உப்பு அள்ளினார்கள். அப்பா அம்மா தினமும் வாருகிற உப்புக்காக ஒரு ஸ்தூபி நிற்கிறது என்பதே அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதுவரை தெரியாது. ஏறக்குறைய 150 மைல், ஏப்ரல் 13-ல் கிளம்பி 28-ல் வந்து சேர்ந்தார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு நடந்திருப்பார்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். பதின்மூன்றாம் தேதியைச் சேர்த்து எண்ண வேண்டுமா, கூடாதா என்று ஸ்தூபி வரும் வரைக்கும் சண்டை. பதினைந்து நாள் என்று வைத்தால் பத்து மைல். பத்து மைல் என்றால் பதினாறு கிலோமீட்டர், எங்கள் ஊரிலிருந்து வேதாரண்யம் போகிற தூரம். ‘தினமுமா அக்கா? இந்த வெயில்லயா?’ என்று ஒருத்தி கேட்டாள். திரும்பி வந்து அதைப் பற்றி எட்டு வரி எழுதினாள். நான் எழுதச் சொல்லவே இல்லை.

எழுதுவது என்றதும் இன்னொரு பெண் ஞாபகம் வருகிறது. அவள் அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. தினமும் வீடியோவில் பேசுவார்கள், ஆனால் பேசி என்ன, ‘சாப்ட்டியா, தூங்குனியா’ என்று முடிந்துவிடும். ஞாயிறு ஞாயிறு ஒரு கடிதம் கையால் எழுது, அம்மா போனில் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பட்டும் என்றேன். முதல் கடிதம் நாலே வரி. மாடு கன்று போட்டதையும் சீக்கிரம் வரச் சொன்னதையும் எழுதியிருந்தாள். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அவரும் ஒரு தாளில் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார். கூட்டெழுத்து, அவளுக்குப் புரியவில்லை. என்னிடம் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தோம். ஒவ்வொரு வாரமும் அப்பா கையெழுத்து அவளுக்குப் பழகிக்கொண்டே வந்தது. ஆறாவது கடிதம் முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள். ‘வெள்ளரிப்பழம்’ என்பதற்கு எந்த ‘ள’, எந்த ‘ழ’, எந்த ‘ரி’ என்று கேட்க மட்டும் ஒரு நாள் மூன்று தடவை வந்தாள். போனைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கி ஒளித்து வைக்கிற பெற்றோர்கள் இந்த ஒரு காரியத்துக்காவது அதை எடுத்துக் கொடுக்கலாம்.

இதெல்லாம் ஒரு நாளைக்கு அரை மணி, முக்கால் மணி வேலைதான். மீதி நேரம் பிள்ளைகள் குளத்தில் கிடந்தார்கள், மாங்காய் அடித்தார்கள், பல்லாங்குழி ஆடினார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. 2024 ஜூன் 10 அன்று பள்ளி திறந்தபோது, எங்கள் தெருப் பிள்ளைகளை விட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்க முடிகிறது என்று அந்தத் தலைமை ஆசிரியை என்னிடம் வந்து சொன்னார். அந்தத் துணிப்பைதான் அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன். இன்ச் டேப்பும் கடிதமும் சென்ற ஆண்டும் இருந்தன, துணிப்பை மட்டும்தான் இல்லை.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல், மே மாதங்களில் தினமும் கால் பக்கம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியமாக ஒரு செய்தி போடுங்கள். நேற்று எந்த ஊரில் எத்தனை டிகிரி வெயில் என்பதையே அப்படிப் போடலாம். எங்கள் ஊர் டீக்கடையில் பத்திரிகை வாங்குகிறார்கள், மத்தியானத்துக்கு மேல் அதை யாரும் தொடுவதில்லை. நான் போய் வாங்கி வந்துவிடுவேன்.

தலைமை ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். தெருவுக்கு ஒருவர் என்னைப் போலக் கிடைப்பார். முன்னாள் தன்னார்வலர் இருப்பார், கல்லூரியில் படிக்கிற அக்கா ஒருத்தி இருப்பாள், மளிகைக் கடைக்காரர் இருப்பார். அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். தொலைந்தால் நாங்கள் வாங்கி வைக்கிறோம். எங்கள் பள்ளியில் இந்த வருஷமும் கேட்கப் போகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி வேலை நாள் என்று சொன்னார்கள். துணிப் பையைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன். போன தடவை அடியில் தையல் விட்டிருந்தது, அதையும் இரட்டைத் தையலாகப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.